ஜீவராணிக்குப் பேர் போட்ட கதை

ஜீவராணி அரபு நாட்டில் ஒரு வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலத்தில் ஏழாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்தில் எழுபத்தெட்டு நாள் கொழுந்து பறித்தாள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. காலையில் வேலைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்துகிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டபோது பதில் சொன்னாள். சாயந்திரம் கொழுந்துக் கொட்டகையான மடுவத்தில் அவளுடைய கொழுந்தும் தராசில் ஏறியது. எழுபத்தொரு முழுப்பேரும் ஏழு அரைப்பேரும் அவளுக்கு விழுந்திருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் டயகம பஸ்ஸில் ஏறி ஏழாவது மைல்கல்லில் இறங்கி, தோட்டத்து ஆபீசில் கேட்டுப் பார்க்கலாம். கிளாக்கர் ஐயா பதிவைக் காட்டமாட்டார், அது அவருடைய சுபாவம். ஆனால் இல்லையென்று சொல்லவும் மாட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் அப்பா அம்மா வைத்தது மட்டுமல்ல. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஆளை வேலைக்குச் சேர்த்தால் பேர் பதிந்தாயிற்று என்பார்கள், நிறுத்தினால் பேர் வெட்டியாயிற்று. செத்தாலும் பேர் வெட்டுத்தான், வெளிநாடு போனாலும் பேர் வெட்டுத்தான். மூன்று வருடத்துக்கு முன் ஜீவராணி விமானம் ஏறிய அதே கிழமை அவள் பேரை வெட்டினார்கள். அவளுடைய புருசன் மூக்கன் கவ்வாத்துக்காரன், அதாவது வயதேறிய தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்காலளவுக்கு வெட்டி மறுபடி தளிர்க்க வைக்கிறவன். கட்டிய நாளிலிருந்து அவன் பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இந்தா புள்ள" என்றுதான் கூப்பிடுவான். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். ஜீவராணி என்ற பேர் முழுசாக ஒருவர் வாயில் வந்து கேட்டது பெரட்டுக்களத்தில் மட்டும்தான்.

போன முதல் வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் எடுத்தாள். மகள் தனுஜா அப்போது ஏழாம் வகுப்பு; அம்மாவிடம் சொல்வதற்கென்று கிழமை முழுவதும் கதை சேர்த்து வைப்பாள். இரண்டாம் வருடத்தின் நடுவில், "போன வாங்கி வச்சிக்கப் போறாங்களாம், பிள்ளையப் பாத்துக்கங்க" என்றதோடு பேச்சு அறுந்தது. அதற்கப்புறம் பதினாலு மாதம் ஒரு சத்தம் இல்லை. மூக்கன் அட்டனுக்குப் போனான். அவளை அனுப்பிவைத்த ஏஜென்சி இருந்த கடையில் ஒருவர் கோழிக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். கொழும்புக்குப் போனான். அரசாங்க ஆபீசில் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினான். மறுபடி போனான், அந்தப் பாரம் மாறிவிட்டது என்று வேறொன்று கொடுத்தார்கள், அதையும் நிரப்பினான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் உயிரோடு வீடு வந்து சேர வேண்டும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவனுக்கு விளங்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அந்தக் கார்த்திகையில் பதினோரு நாள் விடாமல் பெய்த மழையில் போன் டவர் நின்ற மேடு சரிந்து ஆற்றோடு போயிற்று. சிக்னல் வேண்டியவர்கள் மூன்று மைல் நடந்து ஒரு பாறையில் ஏறி நின்று பேசினார்கள். தை மாதம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி வந்தது. இங்கே படித்து, கனடாவில் லொறி ஓட்டுகிற பழைய மாணவர் ஒருவர் அனுப்பியது. உள்ளே சதுரமாய் ஒரு வெள்ளைத் தட்டு, நீளமான கேபிள், ஒரு மோடம். டவரும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், தட்டை வானம் பார்க்க வைத்தால் மேலே ஓடுகிற செய்மதிகளோடு, அதாவது செயற்கைக்கோள்களோடு, அது தானே பேசிக்கொள்ளும் என்று சிவகௌரி டீச்சர் விளக்கினார். டீச்சருக்குச் சொந்த ஊர் சாவகச்சேரி. நாலு வருடமாக இங்கே கணக்குப் படிப்பிக்கிறார். நல்ல மனுசி. குளிரை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

தட்டுக்கு மறைப்பில்லாத வானம் வேண்டுமாம். டீச்சர் போனை வானத்துக்குக் காட்டி மெல்லச் சுற்றிச் சுற்றி நடந்தார். மறைப்பு உள்ள பக்கமெல்லாம் போனில் சிவப்பாக விழுந்தது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி டர்பன்டைன் மரம், சிவப்பு. கோயிலடியில் அரசமரம், சிவப்பு. ஆபீசுக்குப் பின்னால் மலை முகடு, அதுவும் சிவப்பு. இரண்டு சனிக்கிழமை இப்படி அண்ணாந்து நடந்ததில் டீச்சருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. "இஞ்ச வானமே இல்லையோ?" என்று அவர் சலித்தபோது, கொழுந்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு, "இருக்குங்க டீச்சர். அது மூக்கண்ணே வூட்டுக்கு மேல மட்டுந்தான் இருக்கு" என்றாள். அம்மாக்கண்ணு வாயில் கிண்டல் இல்லாமல் ஒரு சொல் வராது. ஆனால் இது உண்மை. ஜீவராணி போன நாளிலிருந்து கடைசி லயத்து வரிசை வீடுகளில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்கு மேல் மட்டும் பனிமூட்டம் இறங்குவதில்லை. லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும். துணி காயப்போட வசதி என்பதற்கு மேல் யாரும் அதை யோசித்ததில்லை. டீச்சர் போய்ப் போனைக் காட்டினார். சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டை மூக்கன் வீட்டுத் தகரக் கூரையில் ஏற்றினார்கள். தோட்டத்துக்கு எந்த இயந்திரம் புதிதாக வந்தாலும் ரோதமுனிக்குச் சொல்லாமல் ஓடவிடுவதில்லை. பாக்டரியின் சக்கரங்களைக் காவல் காக்கிற சாமி அது. பாக்டரியில் அந்தச் சாமிக்கு விளக்கு வைக்கிற மாயாண்டி ஏணியில் ஏறிப்போய்த் தேங்காய் உடைத்து, தட்டின் நடுவில் ரொட்டி அளவுக்குச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்தார். போன் உடனே சிவப்புக் காட்டியது. டீச்சர் துடைக்கச் சொன்னார். "சாமிக்கு வச்சத நான் தொடைக்க மாட்டேங்க" என்று மாயாண்டி தகரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரம் பேசியதில் சந்தனம் தட்டின் காலுக்கு இறங்கியது. சாமிக்கும் குறை வைக்கவில்லை, செய்மதிக்கும் குறை வைக்கவில்லை. கீழே இறங்கிய மாயாண்டி ஏணியை எடுக்க மறந்தார். அது சுவரோடு சாய்ந்தபடியே நின்றது.

மோடத்தைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்து டீச்சர் தன் போனில் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டு வந்தார். இடையில் போன் ஒரு பேர் கேட்டது. எல்லா மோடத்துக்கும் ஒரு பேர் வேண்டும், அதைப் பார்த்துத்தான் மற்றவர்களின் போன்கள் வந்து சேரும். டீச்சர் தலையை நிமிர்த்தாமல், "அண்ணை, இதிலை ஒரு பேர் போடவேணும். ஆரின்ர பேரைப் போடுறது?" என்று கேட்டார்.

சாவகச்சேரியில் அது சாதாரணக் கேள்வி. ஏழாங்கட்டையில் அப்படி இல்லை. மூக்கன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். மூன்று வருடத்துக்கு முன் வெட்டிய பேரைத் திரும்பப் போடட்டுமா என்று கேட்கிறார்கள். அதுவும் படித்த பிள்ளை, வீடு தேடி வந்து கேட்கிறது. "ஜீவராணிக்குப் போடுங்க டீச்சர்" என்றான். புருசனுக்குப் பெண்சாதி மேல் இவ்வளவு பாசமா என்று டீச்சருக்கும் மனசு இளகிவிட்டது. தமிழிலேயே 'ஜீவராணி' என்று எழுதினார். அடுத்து, கண்டவர்களும் நுழையாமல் இருக்க ஒரு பாஸ்வேர்ட் வேண்டும், எட்டெழுத்துக்குக் குறையக்கூடாது, லேசில் மறக்காத சொல்லாக இருக்கட்டும் என்றார். மூக்கன் யோசிக்கவே இல்லை. "வந்துரு" என்றான். அது தமிழில் நாலெழுத்துத்தானே என்று சொல்ல வாயெடுத்த டீச்சர், இங்கிலீஷில் எழுதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். v-a-n-t-h-u-r-u. சரியாக எட்டு. "ஓம் அண்ணை, காணும், எட்டெழுத்துப் போதும்" என்று அதையே போட்டார்.

அன்று பின்னேரம் இஸ்தோப்பில் கால் வைக்க இடமில்லை. லயத்து முன்திண்ணையைத்தான் இங்கே இஸ்தோப்பு என்பார்கள். போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்து பாஸ்வேர்ட் கேட்டார்கள். மூக்கன் "வந்துரு" என்பான். "அதான் வந்துட்டேன்ல, பாஸ்வேர்டச் சொல்லுங்கண்ணே" என்பார்கள். "வந்துரு." "யோவ், வந்துதானே நிக்கிறேன்!" இப்படியே இருட்டும்வரை சிரிப்பு. அன்று நூற்றுப் பதினெட்டுப் போன்கள் சேர்ந்தன. ஜீவராணி என்ற பேரைத் தொட்டு, வந்துரு என்று எழுதினால்தான் உள்ளே போகலாம். ஆக ஒரே நாளில் நூற்றுப் பதினெட்டுத் தடவை அவளைப் பேர் சொல்லி வரச்சொல்லியாயிற்று. யாரும் அதை அப்படி நினைக்கவில்லை. அவரவர் சொந்தக்காரர்களைப் பார்த்துப் பேசுகிற அவசரத்தில் இருந்தார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பெரட்டு. மலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு செல்வரத்தினம் இருபத்திரண்டு வருடமாகப் பேர் கூப்பிடுகிறவர். இப்போது பட்டியல் போனில்தான்; டவர் போனபிறகு பழையபடி கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவர், நெட் வந்ததென்று அன்று போனை எடுத்தார். களம் கடைசி லயத்துக்கு நேர்கீழே. திறந்ததும் நெட்டில் சேரட்டுமா என்று கேட்டு ஒரு பேர் முன்னால் வந்து நின்றது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? காலையில் கண்ணில் பட்ட பேரை வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது. "ஜீவராணி!" கூப்பிட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இருக்கேங்க" என்று பதில் வந்தது.

மூன்றாம் வரிசையில் அம்மாக்கண்ணுவுக்குப் பக்கத்தில், அவள் வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை. குரல் அவளுடையதுதான், கொஞ்சம் கட்டியிருந்தது. அரபு நாட்டில் அப்போது காலை நாலு மணி. களத்தில் நின்ற அறுபத்துமூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வரத்தினமும் எட்டிப் பார்த்தார். என்றாலும் அவர் சட்டம் தெரிந்தவர். பெரட்டில் கூப்பிட்டு ஆள் பதில் சொல்லிவிட்டால் பேரைப் போட்டே ஆகவேண்டும். போட்டார். "ஆறாம் நம்பர் மல, ஒம்பதாம் நெர" என்று அவளுக்கும் ஒரு நிரையை ஒதுக்கிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

சாயந்திரம் மடுவத்தில் பெண்கள் கொழுந்து நிறுக்க வரிசையாக நின்றபோது கூடுதலாக ஒரு சாக்கு இருந்தது. இருபது கிலோ. அன்று பகல் முழுவதும் மழை, எல்லாருடைய கொழுந்திலும் தண்ணீருக்கென்று இரண்டு கிலோ கழித்தார்கள். அந்தச் சாக்கில் கழிக்க எதுவும் இல்லை. கொழுந்து சுக்காகக் காய்ந்திருந்தது, அடியில் ஒரு பிடி மணல் கிடந்தது. அம்மாக்கண்ணு ஒன்பதாம் நிரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மட்டம் பிசகாமல் பறித்திருந்தது. ஒரு செடியிலும் வங்கி மிஞ்சவில்லை. வங்கி என்பது வளராமல் நின்றுபோன குருட்டுக் கொழுந்து. அதைத் தேடித் தேடிக் கிள்ள முக்கால்வாசிப் பேருக்குப் பொறுமை இருக்காது. "அவளேதான். வேற எவ இப்புடி மெனக்கெடுவா?" என்று அம்மாக்கண்ணு சொன்னாள், அதோடு விசயம் முடிவாயிற்று. தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை கண்டியிலிருந்து வந்த இளைஞர். செல்வரத்தினம் போய் விசயத்தைச் சொன்னபோது அவர் சிங்களத்தில், கொழுந்து நல்லதுதானே என்று மட்டும் கேட்டார். மணலைச் சலித்துவிடச் சொன்னார்.

அப்புறம் அது ஒரு வழக்கமாகப் போயிற்று. தினமும் காலையில் கூப்பிடுவார், அவள் பதில் சொல்லுவாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பதில் வராது. அங்கே வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருவார்கள், வேலை கூடுதலாக இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒன்பதாம் நிரையில் யாரும் இறங்கமாட்டார்கள். செடிகள் வரிசையாக அசைந்துகொண்டே போகும். பத்து மணிக்கு எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறபோது அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கல்லில் வைப்பார்கள். திரும்பிப் பார்த்தால் காலியாக இருக்கும். தனுஜா பள்ளிக்கூடம் விட்டு நேரே ஆறாம் நம்பர் மலைக்குப் போய், நிரை ஓரமாக நின்று அன்றைய கதைகளைச் சொல்லுவாள். சொல்லி முடிக்கும்வரை செடி அசையாது. அந்த நாட்களில் ஒரு கிலோ குறையும், யாரும் கேட்டுக்கொள்ளமாட்டார்கள். மூக்கனுக்குக் கவ்வாத்து மலை வேறு திசையில். ஆனாலும் பெரட்டுக்கு வந்து பின்னால் நின்று, "இருக்கேங்க" என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவான். பதினாலு மாதம் அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் கிடந்தவனுக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. பக்கத்தில் போய்ப் பேசிப் பார்த்தான், பதில் வரவில்லை. பெரட்டில் கண்டாக்குக் கூப்பிட்டால்தான் பதில் சொல்வது, புருசன் கூப்பிட்டால் சொல்வதில்லை. அவள் எப்போதும் முறை தவறாதவள்.

மாசி, பங்குனி இப்படிப் போயின. சித்திரையில் மழை இறங்கிக் கொழுந்து கொட்டுகிற நேரத்தில் அவளுடைய சாக்கு இளைக்கத் தொடங்கியது. பதினெட்டு, பதினாறு, பதினொன்று. அரைப்பேர் விழுந்தது. மணல் கூடியது. கொழுந்தில் துணிக்குப் போடுகிற வெள்ளை மருந்து வாசம் அடித்தது. கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போய் அப்படியே இருந்தது. பெரட்டில் "இருக்கேங்க" என்ற சத்தம், காதைக் கொடுத்துக் கேட்டால்தான் கேட்டது. மூக்கன் தட்டில்தான் பிழையென்று நினைத்து டீச்சரைக் கூட்டிவந்தான். டீச்சர் பார்த்துவிட்டு, "லைன் நல்லா இருக்கு அண்ணை, ஒரு குறையும் இல்லை" என்றார். அன்று இஸ்தோப்பில் வைத்துத்தான் அம்மாக்கண்ணு வெடித்தாள்.

"அங்க நாலு மணிக்கு எந்திரிச்சு ஊருப்பட்ட வேல. அது போதாதுன்னு இங்கயும் வந்து மலையில நிக்கிறா. நம்ம பேரச் சொல்லிக் கூப்புடுறோம், பேரு போட்டாச்சேன்னு அவளும் வர்றா. அது ஒடம்பா, இரும்பா? நீங்க என்னத்துக்குண்ணே அவளுக்குப் பேரு போட்டீங்க?"

மூக்கனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை வீட்டுக்கு வரச்சொல்ல நினைத்தவன், வேலைக்கு வரச்சொல்லியிருக்கிறான். பேரைப் போட்டால் வேலைக்குத்தானே வருவாள்? தன் வாயாலேயே பெண்சாதிக்கு இரட்டை வேலை கொடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான், பிள்ளை பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல். பேரை வெட்டினால் அவள் பிழைக்கலாம். ஆனால் வெட்டிவிட்டால் காலையில் அந்த ஒரு சொல்லும் கிடையாது. மறுபடி பதினாலு மாதம், அல்லது ஆயுசு முழுவதும். இரண்டு நாள் அதையே நினைத்தபடி கவ்வாத்து மலைக்குப் போய்வந்தான். மூன்றாம் நாள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுத் தனுஜாவிடம், "ஓயாமப் பறிச்சா செடி செத்துரும்மா. வெட்டுனாத்தான் தளிரு விடும்" என்றான். தொழில் தெரிந்தவன் பேச்சு. அவள் சரியென்றாள்.

செல்வரத்தினத்துக்கு மனசு வரவில்லை. அவருக்கும் அந்தக் குரல் பழகிப்போயிருந்தது. "வெட்டுறதுன்னா காரணம் போடணும் மூக்கா. மூணுதான் இருக்கு. இறப்பு, ஓய்வு, விலகல். எதப் போடச் சொல்ற?" என்றார். மூக்கன், "வூட்டுக்குப் போறான்னு போடுங்கையா" என்றான். அப்படி ஒரு காரணம் போனில் இல்லை. செல்வரத்தினம் பழைய கொப்பியை எடுத்து, அதில் அவள் பேரை எழுதிக் கோடிழுத்து வெட்டி, ஓரத்தில் தன் கையெழுத்தில் 'வீட்டுக்குப் போகிறாள்' என்று எழுதினார். போனில் விலகல் என்று அமுக்கினார்.

மோடத்திலும் பேரை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். "மாத்தலாம் அண்ணை. ஆனால் மாத்தின உடனை எல்லாற்ற போனும் அறுந்து போகும். ஆக்கள் புதுப் பேரைத் தொட்டு, திரும்ப பாஸ்வேர்ட் அடிச்சாத்தான் வரும். யோசிச்சுச் சொல்லுங்கோ, என்ன பேர்?" இந்தத் தடவை மூக்கன் யோசித்தான். எல்லார் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருந்தது. பெரட்டில் ஒருத்தரும் கூப்பிடாத பேர், வீட்டில் மட்டும் கூப்பிட்ட பேர் ஒன்றுதான் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். டீச்சர் சிரிக்கவில்லை. 'இந்தா புள்ள' என்று எழுதினார். எவ்வளவு நீளத்துக்குப் பேர் வைக்கலாம் என்று மோடத்துக்கு ஓர் அளவு உண்டாம். ஓர் எழுத்துக்கூட மிஞ்சாமல் அது மட்டுமட்டாக அடங்கியது. பாஸ்வேர்ட் பழையதுதான்.

அமுக்கியதும் தோட்டம் முழுக்க நெட் அறுந்தது. கோயிலடியில், கடையில், லயத்து வாசல்களில் ஒவ்வொருவராகப் போனைப் பார்த்து, விசயம் கேள்விப்பட்டு, ஓடிவந்தார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. இந்தா புள்ள என்பதைத் தொட்டு, வந்துரு என்று எழுதினார்கள். போன் இல்லாதவர்கள் மற்றவர்கள் போனை வாங்கி எழுதினார்கள். மாயாண்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினார். செல்வரத்தினம் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுதினார். எல்லாம் முடிந்தபின் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நெட் வந்தது, அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை பெரட்டில் அவள் பேர் இல்லை, குரலும் இல்லை. ஒன்பதாம் நிரை அசையவில்லை. மடுவத்தில் சாக்குகள் அறுபத்துமூன்றுதான். செவ்வாயும் புதனும் அப்படியே. அம்மாக்கண்ணு தேத்தண்ணியைக் கல்லில் வைத்துப் பார்த்தாள், எறும்பு விழுந்தது. தானே வெட்டிக் கொன்றுவிட்டோம் என்று மூக்கன் நினைத்தான். வியாழக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. சோறு தின்னவில்லை. தனுஜா மோடத்தின் முன்னால் உட்கார்ந்து, "அம்மா, இன்னைக்கு ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணி இருக்கும். அந்தத் தட்டு எப்போதும் கொஞ்சம் சூடாக இருக்கும் என்பதால் அதன்மேல் ஒரு பூனை படுத்துக்கிடப்பது வழக்கம். அது துள்ளிக் குதித்து ஓடியது. தகரம் கிறீச்சிட்டது. மாயாண்டி மறந்துவிட்டுப் போன ஏணியில் இரண்டு கால்கள் இறங்கின. றப்பர் செருப்பு, நீல நிற வேலைக்காரச் சட்டை, கையில் ஈரம் சொட்டுகிற மாப்புத் துணி. ஜீவராணி கீழே இறங்கி, துணியை இரண்டு கையாலும் பிழிந்து, கொடியில் உதறிப் போட்டாள். பாதி ஆளாக மெலிந்திருந்தாள். மூக்கன் இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில், "இந்தா புள்ள" என்று மட்டும் சொன்னான்.

"ஏன் இத்தன பேரு சேந்து கத்துறீங்க? ஒருத்தரு கூப்புட்டாப் பத்தாதா?" என்றாள் ஜீவராணி. அப்புறம் தனுஜா வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை. மூன்று பேரும் அழுதார்கள். அம்மாக்கண்ணு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். எப்படி வந்தாய் என்று அவள் கேட்டதற்கு, "மொட்ட மாடிய தொடச்சிக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கெழமையிலருந்து கூப்புடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, எந்தப் பக்கம்னுதான் தெரியல. இன்னைக்கு ஓரத்துல ஒரு ஏணி நின்னுச்சு. எறங்குனேன்" என்றாள். அம்மாக்கண்ணு அதற்குமேல் கேட்கவில்லை, இன்னொரு ரொட்டி வைத்தாள்.

பாஸ்போர்ட் அந்த வீட்டிலேயே இருக்கிறது. அரசாங்கப் பதிவின்படி ஜீவராணி இன்னும் நாடு திரும்பவில்லை. கொழும்பிலிருந்து அவளைத் தேடி நடவடிக்கை எடுப்பதாக மூக்கனுக்கு ஒரு கடிதம் வந்தது, அதை அவளே வாசித்துக் காட்டினாள். செல்வரத்தினம் ஒரு மாதம் பொறுத்து, பேர் பதியட்டுமா என்று கேட்டனுப்பினார். உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மூக்கன் சொல்லியனுப்பினான். அவள் வந்த பிறகு அந்தக் காம்பராவுக்கு மேலும் மற்ற வீடுகளைப் போலப் பனிமூட்டம் இறங்குகிறது. துணி காய்வதில்லை என்று அவள் முணுமுணுக்கிறாள். மூட்டம் கட்டிய நாட்களில் நெட் அடிக்கடி அறுந்துபோகும். அப்போது லயத்தின் அந்தக் கோடியிலிருந்து யாராவது ஒருவர் போனை ஆட்டிக்கொண்டு, "மூக்கண்ணே, இந்தா புள்ளயக் காணோமே!" என்று சத்தம் போடுவார். ஜீவராணி அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "அதான் வந்துட்டேன்ல" என்பாள். நெட் வந்துவிடும்.